தாங்கி நிரம்பியதை யார் வந்து சொல்வது?



சென்ற இதழில் பழைய கைத்தொலைபேசிச் சார்ஜர்களைக் குப்பையில் எறிந்துவிடாமல் எவற்றுக்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுள் ஒன்று கொப்பித் தாளில் மூன்று பக்கம் நிறைய எழுதப்பட்டிருந்தது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆகவே அவரை 'ஒரு சகோதரி' என்றே குறிப்பிடுகிறேன். இம்மாதப் பக்கம் முழுவதையும் அவருடைய கடிதமே பிடித்துக்கொண்டது.

அவருடைய வளவு நீளமானது. முன்னால் வீடு, பின் எல்லையில் கிணறு, கிணற்றடியில் சீமெந்துத் தூண்களின்மேல் தண்ணீர்த் தாங்கி. இரண்டுக்கும் இடையே எழுபது மீற்றர் அளவில் வாழையும் முருங்கையும் கத்தரிப் பாத்திகளும். மோட்டரின் சுவிச் வீட்டுக்குள் இருக்கிறது. தாங்கி நிரம்பியதா என்பதை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. 2009 இல் ஒரு காலை இழந்தவர் அவர். "செயற்கைக் காலைக் கழற்றி வைச்சிட்டுக் கொஞ்சம் இருப்பம் எண்டு நினைக்கிற நேரத்திலைதான் தாங்கி நிரம்புது" என்று எழுதியிருக்கிறார். பார்க்கப் போவதற்கு ஒவ்வொரு முறையும் காலை மாட்ட வேண்டும். மாட்டும் இடம் புண்ணாகியிருக்கும் நாட்களில் அதுவும் முடியாது. போகாவிட்டால் தண்ணீர் வழிந்து வீணாகும், மின்கட்டணம் ஏறும், கோடையென்றால் கிணறும் அடிகாணும்.

வயர் இழுத்து ஒரு மணி வைத்துப் பார்த்தார்களாம். முதல்முறை மண்வெட்டி வெட்டியது. இரண்டாம் முறை அணில் கடித்தது. இப்போது மகள் ஒரு யோசனை சொல்கிறாள். அவள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறாள். இரண்டு ஆர்டுயினோப் பலகைகள் இருந்தால் கம்பியில்லாமலே தகவல் அனுப்பலாம் என்கிறாள். "அது உண்மையோ அக்கா? உண்மையெண்டால், வோக்கி மாதிரியான ஒரு சாமானை வீட்டிலை வைச்சிருந்தால் பிறகு ஏதும் பிரச்சினை வருமோ?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அந்தக் கேள்வியைப் படித்து யாரும் சிரிக்க வேண்டாம். 1990களில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கம்பியில்லாத் தகவல் என்றதும் சிலருக்கு வோக்கியின் கரகரப்புத்தான் காதில் வரும். ஆனால் மகள் சொல்லும் சாமான் வோக்கி அல்ல. அதில் குரல் போகாது. வாகனங்களின் ரிமோட் சாவியிலும் கம்பியில்லா அழைப்பு மணியிலும் உள்ள சிறிய வானலைத் துண்டைப் போன்றதுதான் அது. இலங்கையில் வானலைகள் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ்த் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. வாங்கப்போகும் துண்டின் அலைவரிசையையும் வலுவையும் சொல்லி, அனுமதி தேவையா என்று அங்கே கேட்டறிந்துகொண்டு வாங்குங்கள். பாடசாலையின் தொழினுட்ப ஆசிரியர் மூலமாகவும் கேட்கலாம். எழுபது மீற்றருக்கு மேல் எமக்குத் தேவையில்லை. வலுவைக் கூட்டும் பெருக்கி எதையும் யாரும் விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

இனி முதற் கேள்வி. உண்மைதான். முடியும்.

ஆர்டுயினோ என்பது உள்ளங்கையளவு பலகை. அதன் நடுவில் உள்ள கறுப்புத் துண்டுதான் நுண்கட்டுப்படுத்தி, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மிகச் சிறிய கணினி. இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரிலிருந்த வடிவமைப்புக் கல்லூரியில், இலத்திரனியல் படிக்காத மாணவர்களும் மலிவாக வாங்கிப் பழகட்டும் என்று 2005 இல் இதை உருவாக்கினார்கள். பெயரை அந்த ஊரிலிருந்த ஒரு மதுச்சாலையின் பெயரிலிருந்து எடுத்தார்களாம். அந்தக் கதையை மகளிடம் கேளுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும். பாடசாலைகளில் அதிகம் காணப்படும் ஊனோ என்ற வகையின் வேலை நினைவகம் இரண்டு கிலோபைற் மாத்திரமே. இந்தக் கட்டுரையை அதற்குள் அடக்க முடியாது. ஆனால் 'நிரம்பிவிட்டது' என்று ஒரு சொல் அனுப்ப அது தாராளம்.

பலகைக்குத் தானாகப் பேசத் தெரியாது. அதற்கு வாயும் காதும் வாங்க வேண்டும். மிக மலிவானது 433 மெகாஹேர்ட்ஸ் சோடி. அனுப்பி ஒன்று, வாங்கி ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். அனுப்பியில் மூன்று கால்கள் உண்டு. தகவல் தரும் காலுக்கு அருகே 'டேட்டா' என்ற ஆங்கிலச் சொல்லைப் பல பலகைகளில் பின்பக்கமிருந்து முன்னாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வாங்கியில் நான்கு கால்கள். நடுவிலுள்ள இரண்டும் ஒன்றுதான், எதில் இணைத்தாலும் சரி. வாங்கியின்மேல் ஒரு சிறிய சுருளும் திருகும் தெரியும். அதைத் திருகாதீர்கள். ஒருமுறை திருகினால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

இந்த அனுப்பி செய்யும் வேலை மிக எளிமையானது. தகவலில் 1 வந்தால் அலையைப் போடும், 0 வந்தால் அலையை நிறுத்தும். இருட்டில் ரோச் லைற்றை மூடித் திறந்து சைகை காட்டுவதைப் போல. அலை இருக்கிறதா இல்லையா என்பதை மறுமுனையில் வாங்கி பார்த்துக்கொண்டிருக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், யாரும் அனுப்பாத நேரத்தில் இந்த வாங்கி சும்மா இருப்பதில்லை. ஒன்றும் கேட்கவில்லையென்றால் தன் காதை மேலும் மேலும் கூர்மையாக்கிக்கொண்டே போகும். கடைசியில் வெற்று வெளியின் இரைச்சலே அதற்குத் தகவலாகத் தெரியும். வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு இடையில் முள்ளை வைத்தால் ஓர் இரைச்சல் கேட்குமே, அதேதான். முதன்முதலாக இதைச் செய்பவர்கள் "அனுப்பி ஓவ் செய்திருக்கு, ஆனாலும் ஏதோ வந்துகொண்டேயிருக்கு" என்று பயப்படுவது இதனால்தான். பேயும் இல்லை, பக்கத்து வீட்டாரும் இல்லை.

இரைச்சலிலிருந்து உண்மைத் தகவலைப் பிரித்தெடுக்க ஒரு முறை வேண்டும். மகளே அதை எழுதத் தேவையில்லை. மைக் மக்கோலி என்ற அவுஸ்திரேலியர் முன்பு 'வேர்ச்சுவல்வயர்' என்றும் பின்னர் அதை விரித்து 'ரேடியோஹெட்' என்றும் செய்நிரல் தொகுப்புகளை எழுதி, எல்லோரும் இறக்கிக்கொள்ளக்கூடியதாக வைத்திருக்கிறார். அது செய்வது என்னவென்று விளங்கிக்கொண்டால் பிழை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டியவர் எடுத்த எடுப்பில் அறிவித்தல் கொடுப்பதில்லை. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், வண், ரூ, திறீ" என்று சொல்லித்தான் தொடங்குவார். அதற்குள் சத்தத்தைச் சரிசெய்துவிடுவார், சனமும் திரும்பிப் பார்த்துவிடும். இத்தொகுப்பும் ஒவ்வொரு தகவலுக்கு முன்னும் 1, 0, 1, 0 என்று மாறி மாறி 36 துடிப்புகளை அனுப்பும். வாங்கியின் காது அந்த அளவுக்குச் சரிப்பட்டு, எந்த வேகத்தில் கேட்க வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும். அதன்பின் 'இதோ தொடங்குகிறது' என்பதற்கு ஓர் அடையாளம். அதன்பின் நீளம், யாருக்கு, யாரிடமிருந்து என்ற விலாசம், பிறகுதான் தகவல்.

கடைசியில் ஒரு கணக்கு வரும். சங்கக் கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது துண்டில் சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எழுதி, அடியில் 'மொத்தம் 7 சாமான்' என்று என் அம்மா எழுதிவிடுவார். துண்டு மழையில் நனைந்து ஒரு வரி அழிந்தாலும் ஏழு வரவில்லையே என்று தெரிந்துவிடும். இங்கேயும் தகவலின் எழுத்துகளைக் கொண்டு ஒரு கணக்குப் பார்த்து, விடையைக் கடைசியில் சேர்த்து அனுப்புகிறார்கள். வாங்குபவர் அதே கணக்கைப் பார்ப்பார். விடை பொருந்தாவிட்டால் அந்தத் தகவல் முழுவதையும் வீசிவிடுவார். அரைகுறைத் தகவலை நம்புவதிலும் பார்க்கத் தகவல் இல்லாமலிருப்பது மேல் என்பது அதன் கொள்கை. இத்தனையும் சேர்ந்தும், வழக்கமான வேகமாகிய செக்கனுக்கு 2000 துடிப்பில், இரண்டு மூன்று எழுத்துள்ள ஒரு தகவலை அனுப்பி முடிக்க ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

மகளுக்கு இரண்டு குறிப்புகள். அனுப்பும்படி சொன்னதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விடக்கூடாது. அனுப்பி முடியும்வரை காத்திரு என்ற கட்டளையும் செய்நிரலில் இருக்க வேண்டும். மற்றது, நாமாக மாற்றாதவரை தொகுப்பு அனுப்புவதற்குப் 12 ஆம் காலையும் வாங்குவதற்குப் 11 ஆம் காலையும் எடுத்துக்கொள்ளும். அத்துடன் ஊனோவின் உள்ளேயுள்ள ஒரு நேரங்கணிப்பானையும் பிடித்துக்கொள்வதால் 9 ஆம், 10 ஆம் கால்களில் விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வேலை நடக்காது. இது தெரியாமல் நல்ல பலகையைப் பழுதென்று ஒதுக்கி வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இப்போது என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நானும் என் மகனும் முதலில் இதைச் சாப்பாட்டு மேசையில் செய்துபார்த்தோம். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தகவல் அழகாகப் போனது. "அம்மா, இஞ்சை பாருங்கோ, வருது!" என்று அவன் துள்ளினான். பலகையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான், தகவல் நின்றுவிட்டது. இரண்டு பின்னேரம் செய்நிரலை வரிவரியாகப் பார்த்தோம். புதிய சோடி ஒன்றும் வாங்கினோம். அதுவும் அப்படியே. கடைசியில் பிழை செய்நிரலில் இல்லை. அன்ரனா இல்லை! பலகையின் மூலையில் ஒரு சிறு துளை மட்டும் இருந்தது. அதில் நாமே வயர் பிடிக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

அந்த வயரின் நீளம் முக்கியம். வானலை ஒரு செக்கனில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் போகிறது. இந்த அனுப்பி ஒரு செக்கனில் ஏறத்தாழ 43 கோடியே 40 இலட்சம் தடவை அதிர்கிறது. முன்னதைப் பின்னதால் பிரித்தால் ஓர் அலையின் நீளம் 69 சென்ரிமீற்றர் வரும். அதில் கால்வாசி 17.3 சென்ரிமீற்றர். தையற் பெட்டியில் உள்ள அளவு நாடாவால் அளந்து, உள்ளே ஒற்றைக் கம்பியுள்ள வயர்த் துண்டு இரண்டை வெட்டி, ஒன்றை அனுப்பியிலும் ஒன்றை வாங்கியிலும் ஈயம் வைத்து ஒட்டுங்கள். சுருட்டி வைக்க வேண்டாம். இரண்டும் நெட்டுக்குத்தாக நிற்கட்டும். நாங்கள் ஒட்டிய அன்று தகவல் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கே போய்விட்டது.

எழுபது மீற்றர் இந்தச் சோடிக்கு எல்லைக்கு அருகில் உள்ள தூரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் போகும். இடையில் ஈரமான வாழைத்தோட்டமும் கம்பி வைத்த கொங்கிறீற்றுச் சுவரும் வந்தால் குறையும். தகரம் மிக மோசம். தகரக் கூரைக்குக் கீழேயோ தகரத் தட்டிக்குப் பின்னாலோ வாங்கியை வைக்காமல், கிணற்றுப் பக்கம் பார்த்த யன்னலில் வையுங்கள். அனுப்பிக்கு 12 வோல்ற்று வரை கொடுக்கலாம், கொடுத்தால் எட்டும் தூரம் கூடும். ஆனால் வலுவைக் கூட்டுவதற்கு முன்னர் அன்ரனாவை உயரத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எல்லாவற்றையும் பூட்டி முடிப்பதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். 1 இலிருந்து 100 வரை இலக்கமிட்டுத் தகவல் அனுப்பும்படி கிணற்றடிப் பலகைக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். காலையில் ஒருமுறை, மழை பெய்து மரங்கள் நனைந்திருக்கும்போது ஒருமுறை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த மலிவான சோடியில் வாய் ஒரு பக்கம், காது மறுபக்கம். அனுப்பியவருக்கு, கேட்டதா இல்லையா என்று தெரியவே தெரியாது. 'நிரம்பிவிட்டது' என்று ஒரே ஒருமுறை மட்டும் அனுப்பும்படி மகள் எழுதியிருந்தால், அந்த ஒரு தகவல் வழியில் தொலைந்தால் தண்ணீர் வழிந்துகொண்டேயிருக்கும். வீட்டில் உள்ளவரோ ஒன்றும் வரவில்லை, ஆகவே இன்னும் நிரம்பவில்லை என்று நினைத்திருப்பார். ஒன்றும் வராமலிருப்பதற்கு இரண்டு அர்த்தங்கள் இருக்கலாம். சொல்ல எதுவும் இல்லை என்பது ஒன்று. சொல்ல முடியாத நிலை என்பது மற்றது. எதுவென்று தெரியாமல் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நிரம்பும்போது மட்டும் பேசும் பலகை வேண்டாம். இரண்டு செக்கனுக்கு ஒருமுறை பேசிக்கொண்டேயிருக்கும் பலகையாகச் செய்யுங்கள். 'இருக்கிறேன், இன்னும் நிரம்பவில்லை.' 'இருக்கிறேன், இன்னும் நிரம்பவில்லை.' பிறகு, 'இருக்கிறேன், நிரம்பிவிட்டது.' வீட்டிலுள்ள பலகையில் மூன்று சிறிய விளக்குகள் போதும். 'நிரம்பவில்லை' என்று ஒவ்வொரு முறை வரும்போதும் பச்சை ஒருமுறை மின்னட்டும். 'நிரம்பிவிட்டது' என்று வந்தால் சிவப்பு எரிந்து மணியும் அடிக்கட்டும். பதினைந்து செக்கன் ஒன்றுமே வராவிட்டால் மஞ்சள் எரியட்டும். மஞ்சள் எரிந்தால் மோட்டரை நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பிறகு ஆறுதலாகத் தேடலாம்.

இதற்குச் சகோதரியின் வீட்டு அமைப்பு வசதியாக இருக்கிறது. மோட்டரின் சுவிச்சை வீட்டில் போட்டால்தான் கிணற்றடிக்கு மின் போகிறது என்கிறார். அதே மின்னில் ஒரு செருகியை மின்னிணைப்பாளரைக் கொண்டு போடுவித்து, பழைய கைத்தொலைபேசிச் சார்ஜரால் அங்குள்ள பலகைக்கு ஐந்து வோல்ற்று கொடுக்கலாம். மோட்டர் ஓடும் நேரம் மட்டுமே பலகை விழித்திருக்கும், பற்றரி வாங்கும் செலவும் இல்லை. வீட்டிலுள்ள பலகையையும் மோட்டர் போடும்போது மட்டும் செருகுங்கள். டிரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரமான இடத்தில் 230 வோல்ற்று வேலை, அதில் கையை வைக்க மகளை விடவேண்டாம்.

தாங்கிக்குள் ஒரு மிதவைச் சுவிச் தொங்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் நிரம்பாத நேரத்தில் சுவிச் மூடியிருக்க வேண்டும், நிரம்பினால் திறக்க வேண்டும். ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்பீர்கள். அணில் அந்தச் சிறிய வயரையும் கடித்துவிட்டால் பலகைக்குச் சுவிச் திறந்ததைப் போலத் தெரியும், 'நிரம்பிவிட்டது' என்று சொல்லும், நீங்கள் மோட்டரை நிறுத்துவீர்கள். மறுவிதமாக இணைத்திருந்தால் வயர் அறுந்த அன்றிலிருந்து எந்த நாளும் நிரம்பாத தாங்கிதான். பழுது ஏற்பட்டாலும் பாதுகாப்பான பக்கம் சாயும்படி செய்துவைப்பது நல்லது.

பலகையை மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்து, வயர் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். அன்ரனா மட்டும் வெளியே நிற்கட்டும். துளையை மெழுகால் அடையுங்கள், இல்லையேல் ஒரு மாதத்தில் எறும்பு குடிவந்துவிடும்.

மோட்டரைத் தானாகவே நிறுத்தும்படியும் செய்யலாமே என்று மகள் நிச்சயம் கேட்பாள். செய்யலாம்தான். ஆனால் முதல் மூன்று மாதம் விளக்கையும் மணியையும் மட்டும் வைத்துப் பழகுங்கள். அது எப்போதெல்லாம் ஏமாற்றுகிறது என்று தெரிந்த பின்னர் மின்னிணைப்பாளரோடு பேசுங்கள்.

பதில் சொல்லக்கூடிய துண்டுகளும் இருக்கின்றன. நோர்வே நாட்டின் நோர்டிக் நிறுவனம் வடிவமைத்த என்.ஆர்.எஃப். 24 என்ற சிறிய துண்டு 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்யும். அதற்கு வாயும் காதும் ஒன்றிலேயே உண்டு. ஒரு தடவையில் 32 எழுத்து வரை அனுப்பும். மறுமுனை 'கிடைத்தது' என்று பதில் அனுப்பாவிட்டால் தானாகவே பதினைந்து தடவை வரை திரும்ப அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு 3.3 வோல்ற்றுத்தான் கொடுக்க வேண்டும். ஐந்து கொடுத்து ஒன்றை எரித்த அனுபவம் எனக்கு உண்டு. மின் சற்றுத் தளம்பினாலும் தகவல் விடுபடும் என்பதால் அதன் மின் கால்களுக்குக் குறுக்கே பத்து மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை ஒட்டச் சொல்வார்கள். வை-ஃபையும் அதே 2.4 இல்தான் ஓடுகிறது, இலைகளுக்குள் புகுந்து போவதிலும் இது 433 ஐ விடப் பலவீனம். ஆகவே இந்த வளவுக்கு எனது தெரிவு 433 தான். கிலோமீற்றர்க் கணக்கில் எட்டும் 'லோரா' என்ற வகையும் இருக்கிறது. வயல் ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலும் உள்ளவர்களுக்கு அது உதவும். அதைப் பிறிதோர் இதழில் எழுதுகிறேன்.

இந்த 2.4 கிகாஹேர்ட்ஸைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹெடி லமார். 1914 இல் வியன்னாவில் பிறந்தவர். ஆயுத உற்பத்தியாளரான கணவரை விட்டு 1937 இல் வெளியேறி அமெரிக்கா சென்று பெரிய திரைப்பட நடிகையானார். போர்க்காலத்தில், ஒரே அலைவரிசையில் கட்டளை அனுப்பினால் எதிரி அதை இடைமறித்துக் குழப்பிவிடுவான், அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே ஒழுங்கில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போனால் குழப்ப முடியாது என்று யோசித்தார். ஜோர்ஜ் அந்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து 1942 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அமெரிக்கக் கடற்படை அந்தப் போரில் அதைப் பயன்படுத்தவில்லை. அதற்கான பாராட்டு 1997 இல்தான் கிடைத்தது, அப்போது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. வை-ஃபையைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று சிலர் எழுதுவது மிகை. ஆனால் செக்கனுக்கு 1600 தடவை அலைவரிசை தாவும் புளூடூத்தில் உள்ளது அதே எண்ணந்தான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நம் மலிவான சோடி அப்படித் தாவுவதில்லை, எதையும் மறைப்பதுமில்லை. அதே துண்டை வைத்திருக்கும் எவரும் நீங்கள் அனுப்புவதைக் கேட்கலாம். பதிந்து வைத்துத் திரும்ப அனுப்பவும் முடியும். தாங்கி நிரம்பியதை யார் கேட்டால் என்ன? ஆனால் கதவு பூட்டியிருக்கிறதா, வீட்டில் ஆள் இருக்கிறதா என்பவற்றை இதனூடாக அனுப்பக்கூடாது. படலையையோ கதவையோ திறக்கும் பூட்டையும் இதனால் இயக்கக்கூடாது. தனியாக இருக்கும் பெண்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் கையில் இல்லாத சகோதரிகளுக்கு என் அம்மாவின் முறையைச் சொல்லிவிடுகிறேன். தாங்கியின் வழிகுழாயை ஒரு பழைய தகரத்தின்மேல் விழும்படி விட்டிருந்தார். நிரம்பியதும் தண்ணீர் தகரத்தில் விழுந்து 'சலசல' என்று ஊரையே கூப்பிடும். கிணறு வீட்டுக்கு அருகில் உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான செய்தி அனுப்பி கிடையாது.

சகோதரி, மகளின் பலகைகள் பாடசாலையிலிருந்து இரவலாக வாங்கியவை என்று எழுதியிருந்தீர்கள். தவணை முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால், சோதனைக்கு அவற்றைப் பயன்படுத்திவிட்டு, வேலை செய்கிறது என்று கண்ட பின்னர் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். அடுத்த கடிதத்தில், நூற்றில் எத்தனை வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள், மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும்.